பூஜைக்கு மறுநாள் எரிந்த நீல விளக்கு

அத்தியாயம் 7

கல் வந்து விழுந்த பிறகுதான் சத்தமே கேட்டது. காரின் முன்கண்ணாடி முதலில் ஒரு பெரிய சிலந்தி வலையாக மாறியது. அடுத்த கணம் அந்த வலை அப்படியே தமிழழகனின் மடியில் கொட்டியது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் ஒழுங்காக வந்த கார், ஜவ்வரிசி ஆலையின் இரும்பு கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரத்தை முட்டி நின்றது.

"ஏ.சி. வேலை செய்யலன்னு காலைல இருந்து திட்டிக்கினு வந்தீங்களே அக்கா," என்றான் தமிழழகன், தலைமுடியிலிருந்து கண்ணாடித் துண்டைப் பிடுங்கியபடி. "இப்ப காத்து வருது பாருங்க."

அருள்மொழி நெற்றியில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். காவல்துறையின் சைபர் பிரிவில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள் அவள். தமிழழகன் உளுந்தூர்பேட்டையில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். அவளிடம் உதவியாளாகச் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு இரண்டு பற்கள் போயிருந்தன. சம்பளம் மட்டும் அப்படியே இருந்தது.

கேட்டை மறித்துக்கொண்டு ஒரு கூட்டம். கல்வராயன் மலையிலிருந்து மினி லாரி பிடித்து இறங்கி வந்தவர்கள். கையில் கல் இல்லாதவர்கள் கையில் தடி இருந்தது. முன்னால் நின்ற மாரியின் கையில் கொடுவாள். செத்துப்போன மாதனின் அண்ணன். அவன் கண்கள் அழுது அழுது வீங்கி, இப்போது அழுகை தீர்ந்துபோய், வெறும் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது.

"யாரு நீங்க? அவளைக் காப்பாத்த வந்த வக்கீலா?"

"வக்கீல் இல்ல. உங்க தம்பியக் கொன்னது யாருன்னு பாக்க வந்திருக்கேன்."

"அதான் மலைக்கே தெரியுமே. சங்கவி கொன்னா. போன்ல அமுக்கிக் கொன்னா. எங்க ஊரு சோத்தைத் தின்னுட்டு எங்க ஆளையே அரைச்சிட்டா!"

"அரைமணி நேரம் குடுங்க. நீங்க சொல்றது நிஜம்னா நானே வந்து கேட்டைத் தெறந்து வுடறேன்."

"அக்கா," என்று பின்னாலிருந்து தமிழழகன் கிசுகிசுத்தான். "அது நம்ம கேட்டு இல்லியே."

மாரி கொடுவாளின் நுனியை அருள்மொழியின் தொண்டைக்குழியில் வைத்தான். அவள் எச்சில் விழுங்கியபோது நுனியும் சேர்ந்து ஏறி இறங்கியது.

"அரைமணி," என்றான் மாரி. "அப்பால போலீசும் கெடையாது, கேட்டும் கெடையாது. அவ தலை எனக்கு."

ஆலைக்குள் புளித்த கிழங்கு மாவின் வாடை. அந்த வாடைக்குக் கீழே இன்னொரு வாடையும் இருந்தது. அது என்னவென்று தமிழழகன் கேட்டுக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். ஆயுத பூஜை அன்றைக்கு ஆலையில் மெயினை இறக்கிவிட்டு, எல்லா இயந்திரங்களையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஓய்வு கொடுத்தார்கள். மறுநாள் விஜயதசமி. காலையில் மெயினை ஏற்றினார்கள். முதல் ஓட்டத்துக்கு முன்னால் உள்ளே ஒட்டியிருந்த பழைய மாவைச் சுரண்ட, மாதன் அரவை டிரம்முக்குள் பாதி உடம்பை நுழைத்தான். ஆள் உயர டிரம். உள்ளே சுற்றிலும் ரம்பப் பல் வைத்த தகடுகள். தோலுரித்த மரவள்ளிக் கிழங்கைப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் பாலாக்கிவிடும். மற்றவர்கள் வாசலில் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டிருந்தபோது டிரம் ஓடியது. ஓடி வந்து பார்த்தபோது தொட்டியில் பால் இல்லை. இளஞ்சிவப்பாக வேறு என்னவோ நிறைந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்த நிலையில் அவர்களை வரவேற்றார். இரண்டு கான்ஸ்டபிள்களை வைத்துக்கொண்டு காலையிலிருந்து அந்தக் கூட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவர். காலையில் விசாரணைக்காக ஆலைக்குக் கூட்டி வந்திருந்த சங்கவியைத் திரும்ப ஜீப்பில் ஏற்றப் பார்த்தபோது டயர் நாலையும் வெட்டிவிட்டார்களாம்.

"மேடம், கேஸு தெளிவா இருக்கு. டிரம்மை ஓட்ட ரெண்டே வழி. ஒண்ணு, பக்கத்துல இருக்கற பச்சை பட்டன். இன்னொண்ணு செல்போன். அதோ சுவத்துல மாட்டியிருக்கு பாருங்க ஒரு பெட்டி. போன்ல அமுக்கினா, கட்டளை சென்னையில கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போயி, அங்கிருந்து நெட்டுல இந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி மோட்டாரை ஓட்டும். மாதன் செத்த நேரத்துல சங்கவி போன்ல இருந்து கட்டளை போயிருக்கு."

"நடுவுல வேற யாராவது புகுந்து அனுப்பியிருந்தா?"

"அதையும் கேட்டேன். முடியாதாம். பேங்க் வெப்சைட்டைத் தெறந்தா மேல ஒரு பூட்டுப் படம் வருமே, அதே பூட்டுதான் இதுக்கும். கம்பெனி கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் தன் சர்டிபிகேட்டைக் காட்டணும். பெட்டி அதை சரிபார்த்து நம்பினாத்தான் பேச்சே. பேசறதும் ரகசிய பாஷை. நடுவுல எவன் காதை வச்சாலும் ஒண்ணும் வெளங்காது."

"ஆக, பூட்டு பலமா இருக்கறதே அந்தப் பொண்ணு கழுத்துக்குச் சுருக்கு," என்றாள் அருள்மொழி.

சங்கவி மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது. மலையிலிருந்து இறங்கி வந்து பாலிடெக்னிக் படித்து, அந்தப் பெட்டிக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். சுற்றுவட்டாரத்து ஆலைகளில் பெட்டிகளை மாட்டியது அவள்தான். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. இடுப்பு வரை தொங்கிய ஒற்றைச் சடையில் காய்ந்த ரத்தம்.

"போன் எங்க இருந்துச்சி?"

"ஆபீஸ் ரூம்ல சார்ஜுல போட்டிருந்தேங்க. பொரி வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா கூச்சல்."

"போனைத் தெறக்கற பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். தெனமும் எல்லார் முன்னாடியும்தான் போடுவேன்." அவள் குரல் உடைந்தது. "மாதன் மாமாதான் எனக்கு காலேஜ் பீஸ் கட்டினாரு அக்கா. நான் எப்படி…"

"பெட்டி பதில் அனுப்பிச்சா? 'ஓட்டிட்டேன்'னு?"

சங்கவி ஒரு கண்ணால் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நாளாக இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. "இல்லீங்க. அனுப்பப்பட்டதுன்னு மட்டும்தான் இருந்துச்சி."

"மலையோரம் சிக்னல் கம்மி மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "பதில் வராம போறது சகஜம்."

வெளியே ஏதோ உடைந்தது. கேட்டின் ஒரு கீல் ஆட்டம் கண்டிருந்தது.

மேஸ்திரி வீரமணி அரவைக் கூடத்தில் நின்றிருந்தான். தோள் அகலமான ஆள். நெற்றி நிறைய குங்குமம். அவனுக்குப் பின்னால் அம்மன் படம், அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் அகல், உள்ளே சின்ன பல்பு நடுங்கி நடுங்கி எரிந்துகொண்டிருந்தது.

"நான்தாங்க மொதல்ல ஓடியாந்தேன். பச்சை பட்டன் கிட்ட ஒரு ஈ காக்கா இல்ல. ஆனா பொட்டில நீல லைட்டு பளிச்சின்னு எரிஞ்சிக்கினு இருந்துச்சி. போன்ல ஓட்டினாத்தான் அந்த லைட்டு எரியும். கையால ஓட்டினா எரியாது. இத நான் எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன்."

"கண்ணால பாத்தீங்களா?"

"இந்த ரெண்டு கண்ணால."

தமிழழகன் இதற்கிடையே அகலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இது தியாகதுருகம் சந்தையில விக்கற அகலுதானே? எங்க வூட்லயும் ஒண்ணு இருக்கு. சாமி கும்பிட்டு முடிக்கறதுக்குள்ள சாமிக்கு முன்னாடி அது போய்ச் சேர்ந்துரும். உங்களுது இத்தன நாளா எரியுதே, என்னா ரகசியம்?"

வீரமணியின் முகத்தில் முதல் முறையாக ஒரு பெருமை வந்தது. "அன்னிக்குப் பூஜை நடுவுல அணைஞ்சிருச்சி. அபசகுனம் ஆயிடக் கூடாதேன்னு நான்தான் வேற பேட்டரி போட்டேன். ஒரு ரூவா காசு மாதிரி இருக்குமே, அது. பொட்டிய தொடைக்கத் தெறந்தப்ப உள்ள சும்மா கெடந்துச்சி. பொட்டிக்குத்தான் கரண்டு வருதே, அதுக்கு எதுக்கு பேட்டரி?"

அருள்மொழியும் தமிழழகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அது அவர்களுக்குள் ஒரு பழக்கம். பெரிய மீன் தூண்டிலை இழுக்கும்போது இருவருமே வேறு பக்கம் பார்ப்பார்கள்.

தமிழழகன் சுவரில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினான். போலீசார் டிரம்மைச் சுற்றிக் கயிறு கட்டி சீல் வைத்திருந்தார்களே தவிர, மெயினை யாரும் தொடவில்லை. பெட்டி உயிரோடுதான் இருந்தது. பேட்டரிக் குழி காலி. கட்டை விரல் நகம் அளவுத் திரையில் தேதி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றான் மெதுவாக. "நம்ம அப்பா அம்மாவுக்கே கல்யாணம் ஆகல."

திரையில் இருந்த தேதி: 3 ஜனவரி 1970.

அருள்மொழி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "சங்கவியக் கூட்டிக்கினு வாங்க. மாரியையும் உள்ள வுடுங்க."

"மேடம், அவன் கையில கொடுவாள்…"

"கொடுவாளோடவே வரட்டும்."

மாரி வந்தான். சங்கவியைப் பார்த்ததும் அவன் மூச்சு மாறியது. இரண்டு கான்ஸ்டபிள்கள் நடுவில் நின்றார்கள், ஆனால் அவர்கள் நின்ற விதத்தில் எந்தப் பக்கம் ஓடலாம் என்ற கணக்கும் இருந்தது.

"மாரிண்ணே, மலைக்கு ஏறற வழியில செக்போஸ்ட் இருக்குல்ல?" என்றாள் அருள்மொழி.

"இருக்குது. அதுக்கு இன்னா?"

"அங்க இருக்கற கார்டு ஒருத்தரு நல்லா தூங்கிட்டாருன்னு வைங்க. முழிச்சா இது ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எழுபதுன்னு நெனைக்கறாரு. நீங்க போன மாசம் எடுத்த லைசென்ஸைக் காட்டறீங்க. அவரு இன்னா சொல்லுவாரு?"

"இது இன்னும் பொறக்காத தேதி, பொய் லைசென்ஸுன்னு தொரத்துவாரு," என்றான் தமிழழகன். "அத்தோட என் போட்டோவைப் பாத்துட்டு ரெண்டு அடியும் போடுவாரு."

"இந்தப் பெட்டிதான் அந்த கார்டு. சர்டிபிகேட்டுன்னா அதுல எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும். அதைச் சரிபார்க்கணும்னா பெட்டிக்கு இன்னிக்குத் தேதி தெரியணும். கரண்டு இல்லாதப்ப தேதிய ஞாபகம் வச்சிக்கறது அந்தச் சின்ன பேட்டரி. ஆயுத பூஜை அன்னிக்கு மெயினை இறக்கிட்டாங்க. பேட்டரி அம்மன் விளக்குக்குப் போயிடுச்சி. விஜயதசமி காலைல மெயினை ஏத்தினப்ப, பெட்டி எழுபதாம் வருஷத்து மொத நாள்ல கண்ணு முழிச்சிது. சரியான தேதிய கம்பெனிகிட்ட கேட்டு வாங்கலாம்னா, கம்பெனியோட சர்டிபிகேட்டையே அதால நம்ப முடியல. அன்னில இருந்து இது யாரோடவும் பேசவே இல்ல."

"வாய்ல எவ வேணா எதையும் சொல்லலாம்," என்றான் மாரி.

"அதனாலதான் உங்கள உள்ள கூப்பிட்டேன். சங்கவி போன்ல இருந்து வந்த கட்டளை அன்னிக்கே பெட்டிக்கு வந்திருந்தா, அது அன்னிக்கே தீர்ந்திருக்கும். வரலன்னா சென்னையில இன்னும் காத்துக்கினு இருக்கும். பெட்டி கதவைத் தெறந்ததும் உள்ள வரும்."

சங்கவி தலையை ஆட்டினாள். "பழைய கட்டளையை அழிச்சிடணும்னு நான் கம்பெனிகிட்ட சொல்லிக்கினே இருந்தேன் மாமா. அடுத்த தடவை செய்யறோம்னாங்க."

"எல்லாரும் டிரம்மை விட்டுத் தள்ளிப் போங்க. கைய மேல தூக்குங்க. வீரமணி அண்ணே, நீங்களும். தேதிய சரி பண்ணினதும் யாரும் தொடாம டிரம் தானா ஓடினா, சங்கவி அனுப்பினதா சொல்ற கட்டளை இப்பத்தான் வந்து சேருதுன்னு அர்த்தம்." அவள் மாரியைப் பார்த்தாள். "ஓடலன்னா, நான் கேட்டைத் தெறக்கறேன்."

தமிழழகன் அகலிலிருந்து பேட்டரியை எடுத்தான். அம்மன் படத்தின் முன்னால் வெளிச்சம் செத்தது. வீரமணியின் தொண்டையில் ஒரு சின்ன சத்தம் எழுந்தது. சங்கவி பேட்டரியைக் குழியில் அழுத்தி, பெட்டியின் பொத்தான்களால் நாள், மாதம், வருடம் என்று ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் அவள் கட்டைவிரலுக்கடியில் ஓடிப்போனது.

ஒன்றும் நடக்கவில்லை.

தொட்டியில் எங்கோ தண்ணீர் சொட்டியது. தூக்கிய கைகள் கனத்தன. வெளியே கூட்டம் எண்ணுவது போல் கேட்டைத் தடியால் தட்டிக்கொண்டிருந்தது.

"சிக்னல் கம்மி," என்றான் தமிழழகன். அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போல இருந்தது. "அக்கா, இந்த நெட்டுக்காரனை நம்பி நான் ஒரு தடவ பொண்ணு பார்க்கவே…"

மாரி கையைக் கீழே இறக்கினான். ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. சங்கவி நகரவில்லை, நல்ல கண்ணையும் மூடிக்கொண்டாள்.

பெட்டியில் நீல விளக்கு எரிந்தது.

அடுத்த நொடி டிரம் உறுமியது. காலடியில் தரை அதிர்ந்தது. வாய் திறந்தே இருந்த அந்த இரும்புக் குகைக்குள் ஆயிரம் பற்கள் சுழன்று ஒரே சாம்பல் மின்னலாயின. ஏழு ஜோடிக் கைகள் அந்தரத்தில் நின்றன. பச்சை பட்டன் பக்கத்தில் யாருமே இல்லை.

"அப்போ அன்னிக்கு…" என்றான் மாரி. கொடுவாள் அவன் கையில் தொங்கியது.

"அன்னிக்கு போன்ல அமுக்கிப் பாத்தான். ஓடல. பழியை அவ தலையில போட்டாச்சி, வேலை மட்டும் முடியல. வந்து கையால அமுக்கினான்."

"எவன்?"

"எரியாத நீல விளக்கைக் கண்ணால பாத்தவன்."

இன்ஸ்பெக்டர் டிரம்மின் வாயைக் காட்டினார். "மூடியத் தெறந்தா மோட்டார் நிக்கணுமே மேடம்?"

"மூடி சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, பாருங்க. போன வருஷம் மலர்விழிங்கற பொண்ணுக்கு இதே டிரம்முல கை போச்சே, அப்பவும் இதே கம்பிதான். அந்தக் கேஸைப் படிச்சிட்டுத்தான் வந்தேன். கட்டினது மேஸ்திரிதான்னு பாத்த ஒரே சாட்சி மாதன். அடுத்த வாரம் கள்ளக்குறிச்சி கோர்ட்டுல…"

அவள் முடிக்கவில்லை. வீரமணி சுவரோரம் கிடந்த கடப்பாரையைத் தூக்கிச் சுழற்றினான். முதல் வீச்சில் ஒரு கான்ஸ்டபிளின் தோள் எலும்பு முறிந்தது. இரண்டாம் வீச்சின் முனை தமிழழகனின் தாடையைத் தடவிக்கொண்டு போனது. வாயில் உப்பு. மூன்றாவது பல், என்று நினைத்தபடியே அவன் தரையில் விழுந்தான். கண்ணைத் திறந்தபோது வீரமணி சங்கவியின் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்து, ஓடுகிற டிரம்மின் வாய்க்கு நேராக அவளைக் குனிய வைத்திருந்தான்.

"வழிய வுடுங்க! கிட்ட வந்தீங்க, இவளும் பாலுதான்!"

அவள் திமிறினாள். தோளிலிருந்து சடை முன்னால் சரிந்து உள்ளே விழுந்தது.

பற்கள் சடையைக் கவ்வின. சங்கவியின் அலறல் டிரம்மின் இரைச்சலை மீறி எழுந்தது. கயிறு இழுப்பது போல அவள் தலை உள்ளே போகத் தொடங்கியது. பயந்துபோன வீரமணியே கையை விட்டான். அருள்மொழி டிரம்மை நிறுத்தும் சிவப்பு பட்டனை நோக்கிப் பாய்ந்தாள். பட்டன் தூரத்தில் இருந்தது.

மாரி சங்கவிக்குப் பக்கத்தில் இருந்தான். கொடுவாள் உயர்ந்தது. சங்கவியின் பிடரிக்கு நேர் மேலே அது ஒரு கணம் நின்றதைத் தமிழழகன் தரையிலிருந்து பார்த்தான். கத்த வாயைத் திறந்தான், ரத்தம்தான் வந்தது.

கொடுவாள் இறங்கியது.

கழுத்துக்கு ஒரு விரல் மேலே, சடை அறுந்தது. அறுந்த சடையை டிரம் விழுங்கிக்கொண்டது. சங்கவி பின்பக்கமாக மாரியின் மேலேயே விழுந்தாள். டிரம் இரண்டு பெருமூச்சு விட்டு அடங்கியது. அருள்மொழியின் உள்ளங்கை சிவப்பு பட்டனின் மேல் இருந்தது.

வீரமணி வாசலைத் தொடவில்லை. மாரி அவனைப் பிடரியில் பிடித்து இழுத்து வந்து, டிரம்மின் விளிம்பில் அவன் வலது கையை வைத்து அழுத்தினான். "இந்தக் கைதானே?"

"மாரிண்ணே." அருள்மொழியின் குரல் உயரவில்லை. "சாட்சி சொல்ல மாதன் இல்ல. இங்க நடந்ததுக்கு இப்ப நீங்கதான் சாட்சி. நீங்களும் உள்ள போயிட்டா, மலையில இருந்து யாரு வந்து சொல்லுவா?"

கொடுவாள் மேலே நின்றது. பிறகு மாரி தன் மணிக்கட்டைத் திருப்பி, வெட்டாத முதுகுப் பக்கமாக ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தான். மரவள்ளிக் குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். வீரமணி ஊளையிட்டான்.

இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார். "டிரம்முல பட்டிருக்கும்," என்றார் கான்ஸ்டபிளிடம். "எழுதிக்கோ."

"சார்," என்றான் தமிழழகன் வாயைப் பொத்திக்கொண்டு, "என் பல்லையும் அதுலயே எழுதிக்கோங்க."

சங்கவி எழுந்து நின்றாள். கழுத்தோடு தாறுமாறாக அறுபட்ட முடி அவள் முகத்தைச் சின்னதாக்கியிருந்தது. மாரி அவளை நேராகப் பார்க்க முடியாமல் கொடுவாளைப் பார்த்தான். அதன் விளிம்பில் இரண்டு மூன்று முடிகள் ஒட்டியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தான்.

"கருமாதிக்கு வூட்டுக்கு வா," என்றான். "அவன் இருந்தா உன்னைத்தான் மொதல்ல தேடுவான்."

அவள் தலையை ஆட்டினாள். அழுகை அப்போதுதான் வந்தது.

கேட்டுக்கு அருள்மொழி போகவில்லை. மாரிதான் போனான். ஆடிக்கொண்டிருந்த கதவைத் தோளால் தள்ளித் திறந்து, சங்கவியைத் தன் பக்கத்தில் நிறுத்தினான். கூட்டம் அவளைப் பார்த்தது. அவள் தலையைப் பார்த்தது. அவளுடைய தோளில் இருந்த மாரியின் கையைப் பார்த்தது.

ஒருவன் கையைத் திறந்தான். பிறகு இன்னொருவன். கற்கள் ஒவ்வொன்றாக, அவரவர் காலடியிலேயே விழுந்தன. இந்த முறை தமிழழகனுக்கு ஒவ்வொரு சத்தமும் தெளிவாகக் கேட்டது.